உள்ளே விட்டால் போதுமா?

தொலைவிலிருந்து ஒரு வலைப்பின்னலுக்குள் நுழைய வருகிறவர்களைப் பரிசோதித்து அநுமதிக்கும் ஏற்பாட்டைப் பற்றி நம்மிடையே ஓர் அபிப்பிராயம் வேரூன்றிப் போயிருக்கிறது. கணினி அறையில் வேலை பார்க்கிறவர்களும், அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறவர்களும், அவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்களும் அதை ஒரே குரலில் சொல்லி வருகிறார்கள். சரியான பெயரும் சரியான கடவுச்சொல்லும் கொடுத்தவன் உள்ளே போய்விட்டான் என்றால் சர்வரை அமைக்கும் காரியம் முடிந்தது. அதற்கு மேல் அதில் கை வைக்கிறவன் வம்பை விலைக்கு வாங்குகிறான். தவிரவும், மோடம் வைத்து டயல் செய்த காலமே மலையேறிவிட்டபடியால், அந்தக் காலத்துக்கென்று பிறந்த ரேடியஸ் என்ற நெறிமுறையைப் பற்றி இனி மூளையைக் குழப்பிக்கொள்வது வீண் சிரமம் என்பதே அந்த அபிப்பிராயத்தின் சாரம். கேட்பதற்கு இது அநுபவசாலியின் வாக்குப் போலத்தான் இருக்கிறது. ஆயினும், இதன் ஒவ்வோர் அங்கமும் பிழை என்பதும், ‘உள்ளே விடுகிறது’ என்ற ஒரே பரீட்சையைக் கொண்டு ஒரு நுழைவு ஏற்பாட்டை மதிப்பிடுவது, அந்த ஏற்பாடு எதற்காக இருக்கிறதோ அந்தக் காரியத்தையே மறந்துவிடுவதாகும் என்பதும் என் கட்சி.

முதலில் காலம் கடந்துவிட்டது என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். 1991 ஆம் ஆண்டில், அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்துப் பல்கலைக்கழகங்களை ஒரே வலையில் இணைத்து நடத்தி வந்த மெரிட் என்னும் ஸ்தாபனம், தன் டயல்-இன் வசதிகளை ஒழுங்கான ஒரே முறைக்குக் கொண்டுவர விரும்பி யோசனைகள் கோரியபோது, லிவிங்ஸ்டன் என்டர்பிரைசஸ் என்ற கம்பெனி கொடுத்த யோசனையே ரேடியஸாக உருப்பெற்றது. அதற்கு முன் வழக்கம் என்னவென்றால், மோடங்களைத் தாங்கி நின்ற ஒவ்வொரு சாதனமும் தன்னிடத்திலேயே ஒரு பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டிருக்கும். பத்து ஊரில் பத்துச் சாதனம் இருந்தால் பத்துப் பட்டியல். ஒருவன் வேலையை விட்டுப் போனால் பத்து இடத்திலும் அவன் பெயரை அடித்தாகவேண்டும். ஒன்பது இடத்தில் அடித்துவிட்டு ஒன்றை மறந்தால் அவன் அந்த ஒன்றின் வழியே தாராளமாக வருவான். லிவிங்ஸ்டன் செய்த மாறுதல், வாயிலில் நிற்கும் சாதனத்தையும் தீர்ப்புச் சொல்லும் சர்வரையும் பிரித்து வைத்ததுதான். நாஸ் என்று தொழிலில் வழங்கும் நுழைவுச் சாதனம் கேள்வியை மட்டும் எடுத்துச் செல்லும். ஏற்பதா, மறுப்பதா, மேலும் ஒரு கேள்வி கேட்பதா என்பதை ஒரே இடத்தில் இருக்கும் சர்வர் சொல்லும்.

இந்தப் பிரிவினை மோடத்தோடு பிறந்ததே அன்றி மோடத்தோடு கட்டுண்டதன்று. இதற்கு நிரூபணம் வேண்டுவோர் நாஸிலிருந்து சர்வருக்குப் போகும் கேள்விப் பாக்கெட்டையே பிரித்துப் பார்க்கலாம். அதில் 61 ஆம் இலக்கமிட்ட விவரம், வந்தவன் எந்த வழியாக வந்தான் என்பதைச் சொல்லுகிறது. தொலைபேசி மோடமானால் அதன் மதிப்பு 0, ஈதர்நெட் கம்பியானால் 15, கம்பியில்லா வைஃபையானால் 19. அந்த எண் மாறியிருக்கிறது. அதைச் சுற்றியிருக்கும் பாக்கெட்டோ 2000 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆர்.எஃப்.சி. 2865 என்ற ஆவணம் வரையறுத்த அதே உருவத்தில்தான் இன்றும் போய்வருகிறது. அலுவலகத்து வைஃபையில் தன் சொந்தப் பெயரால் நுழைகிறவனும், வீட்டுப் பிராட்பேண்டை உயிர்ப்பிக்கும் ரூட்டரும், வி.பி.என். வழியாக வெளியூரிலிருந்து வேலை செய்கிறவனும் பெரும்பாலும் இந்த நெறிமுறையின் வாசலையே தட்டுகிறார்கள். எடுரோம் என்ற ஏற்பாட்டில், ஒரு நாட்டு மாணவன் வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் மடிக்கணினியைத் திறந்தவுடன், அவனைப் பற்றிய கேள்வி ரேடியஸ் சர்வர்களின் வரிசை வழியாக அவனுடைய சொந்தக் கல்விக்கூடம் வரையில் பிரயாணம் செய்து பதிலோடு திரும்புகிறது. இத்தனை பேர் நாள்தோறும் உபயோகிக்கும் ஒன்றைப் பழங்கதை என்று தள்ளுகிறவர்கள், அதை அமைக்கும் வித்தையைக் கற்காமல் இருப்பதற்குச் சமாதானம் தேடுகிறார்கள் என்றே சொல்லவேண்டும்.

இனி, கடவுச்சொல் சரியாயிருந்தால் போதும் என்ற இரண்டாவது அங்கத்துக்கு வருவோம். யாத்திரிகர்கள் தங்கும் ஒரு சத்திரத்தின் மணியக்காரருக்கு மூன்று கடமைகள் உண்டு: வந்தவர் யார் என்று விசாரிப்பது ஒன்று, அவருக்கு எந்த அறை, எத்தனை நாள், எத்தனை வேளைச் சாப்பாடு என்று விதிப்பது ஒன்று, வந்த நாழிகையையும் போன நாழிகையையும் கணக்கில் எழுதுவது ஒன்று. இம்மூன்றில் முதலாவதை மட்டும் செய்துவிட்டு உள்ளறைச் சாவிக் கொத்தையே விருந்தாளியிடம் கொடுக்கிற மணியக்காரரை எந்தத் தருமகர்த்தாவும் ஒரு வாரம் வைத்திருக்கமாட்டார். அடையாளம் காண்பது, உரிமையை வரையறுப்பது, கணக்கு வைப்பது என்ற அதே மூன்றும்தான் ரேடியஸ் சர்வரின் கடமைகள். நம்முடைய பிரபல அபிப்பிராயமோ முதலாவதை மட்டும் கடமை என்றும் மற்ற இரண்டையும் அலங்காரம் என்றும் எண்ணுகிறது.

உரிமை என்பது அலங்காரமன்று என்பதற்குச் சென்னைவாசிகள் வெகு தூரம் போகவேண்டியதில்லை. 1995 ஆகஸ்டு 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்ட நகரங்களில் சென்னையும் ஒன்று. அன்று வழங்கிய கணக்குகளில் இரண்டு ஜாதி உண்டு. ஷெல் கணக்கு வைத்திருந்தவருக்குக் கிடைத்தது, தொலைவிலிருந்த ஒரு யூனிக்ஸ் இயந்திரத்தில் எழுத்துக்களை மட்டும் காட்டும் லாகின், டி.சி.பி./ஐ.பி. கணக்கு வைத்திருந்தவருடைய கணினியோ தானே வலையின் ஓர் உறுப்பாகி, படங்களோடு கூடிய பக்கங்களைக் காட்டும். இருவரும் தொலைபேசியில்தான் அழைத்தார்கள். இருவருடைய பெயரும் கடவுச்சொல்லும் மெய்யானவையே. ஆனால் இருவரும் கட்டிய சந்தா வேறு, பெறவேண்டிய சேவை வேறு. வாங்கிய மணிகள் தீர்ந்தால் கணக்கும் தீர்ந்தது. கடவுச்சொல் ஒன்றே பேச்சு என்றால் இந்த வியாபாரமே நடந்திருக்க முடியாது.

ரேடியஸ் மொழியில் இந்தப் பேதத்தைச் சொல்வது சர்வீஸ்-டைப் என்ற விவரம். அதில் ‘லாகின்’ என்றிருந்தால், வந்தவனை டெல்நெட் அல்லது ஆர்லாகின் வழியாக, குறிப்பிட்ட ஓர் இயந்திரத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தவேண்டும். ‘ஃபிரேம்டு’ என்றிருந்தால் பி.பி.பி. இணைப்பும் ஐ.பி. முகவரியும் கொடுக்கவேண்டும், ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ்’ என்றிருந்தால் நுழைவுச் சாதனத்தையே நிர்வகிக்கும் அதிகாரம் கொடுக்கவேண்டும். வேலையை முடித்துவிட்டதாக நினைப்பவர் இந்த வரியை எழுதாமலே விட்டுவிடுகிறார். அப்போது என்ன கொடுப்பது என்ற தீர்மானம் சாதனத்தின் இயல்புக்கு விடப்படுகிறது. ரூட்டருக்குள் நிர்வாகிகள் லாகின் செய்வதற்கும் வாடிக்கையாளர்கள் டயல் செய்வதற்கும் ஒரே சர்வரையும் ஒரே பட்டியலையும் வைத்துக்கொள்ளும் இடங்களில் இதன் பலன் விபரீதமாகிறது. வாடிக்கையாளன் ஒருவன் தன் சொந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் ரூட்டரின் நிர்வாக வாசலில் கொடுத்துப் பார்க்கிறான். ரூட்டர் சர்வரைக் கேட்கிறது. கடவுச்சொல் சரிதானே, ஆகவே சர்வர் ஏற்றுக்கொள் என்கிறது. அவன் ரூட்டருக்குள் நின்றுகொண்டிருக்கிறான். எவரும் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை.

கால வரம்பும் அப்படித்தான். டயல் அழைப்புகளைச் சுமந்துவரும் ஓர் இ-1 கம்பியில் ஒரே சமயத்தில் முப்பது அழைப்புகளுக்குத்தான் இடம். முப்பத்தோராவது ஆளுக்குக் கிடைப்பது ‘பிஸி’ என்ற ஓசைதான். அழைத்தவன் இணைப்பைத் துண்டிக்காமல் சாப்பிடப் போய்விட்டான் என்றால், ஐடில்-டைம்அவுட் என்ற ஒரு வரி இருக்குமானால் சில நிமிஷங்களில் அந்த இடம் காலியாகும். இல்லையானால் அவன் திரும்பி வரும் வரையில் அது அவனுடையதே. இப்படி இடம் அடைபட்டுக் கிடப்பதைப் பார்த்து, கம்பி போதவில்லை, இன்னொன்று வாங்குவோம் என்று பணம் செலவழிக்கிறவர்கள் உண்டு.

இப்போது ஒரு கோப்பைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 1999 இல் தொடங்கப்பட்டு இன்று எங்கும் பரவியிருக்கும் ஃப்ரீரேடியஸ் என்ற மென்பொருளில் ‘யூசர்ஸ்’ என்று ஒரு கோப்பு உண்டு. அதில் ஒவ்வொரு பதிவின் முதல் வரியும் இடது ஓரத்தை ஒட்டிப் பெயரில் தொடங்கி, சோதிக்கவேண்டிய நிபந்தனைகளைச் சொல்லும். அதன் கீழே உள்தள்ளி எழுதிய வரிகள், நிபந்தனைகள் பொருந்தினால் நுழைவுச் சாதனத்துக்கு அனுப்பவேண்டிய கட்டளைகளைச் சொல்லும். சர்வர் மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு வந்து, பொருந்துகிற முதல் பதிவோடு நின்றுவிடும். ஃபால்-த்ரூ என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் மட்டுமே மேற்கொண்டு படிக்கும். இவ்வளவுதான் இலக்கணம். இந்த எளிய இலக்கணத்துக்குள்ளேயே, நம்முடைய ‘உள்ளே விடுகிறது’ என்ற பரீட்சைக்கு ஒருபோதும் அகப்படாத இரண்டு பிழைகள் நிம்மதியாகக் குடியிருக்கின்றன.

ஒரே பெயரில் ஒரே சமயத்தில் ஒருவர்தான் நுழையலாம் என்று விதிக்கும் சைமல்டேனியஸ்-யூஸ் என்பது நிபந்தனை ஜாதியைச் சேர்ந்தது. அதன் இடம் முதல் வரி. அதை ஒருவர் கீழே உள்தள்ளிய வரிகளில் எழுதிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சர்வர் எழுந்து ஓடும். வாடிக்கையாளன் உள்ளே போவான். எல்லோரும் திருப்தியோடு வீட்டுக்குப் போவார்கள். அந்த விதி மட்டும் ஒரு நாளும் அமலுக்கு வராது. ஒரு சந்தாவை வைத்துக்கொண்டு ஒரு தெருவே வலையில் உலாவலாம். இத்தனைக்கும், ‘மைனஸ் பெரிய எக்ஸ்’ என்ற குறியுடன் சர்வரைக் கண்ணெதிரே ஓட்டிப் பார்த்திருந்தால், இந்த விவரம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது என்ற எச்சரிக்கை திரையில் வந்து விழுந்திருக்கும்.

இரண்டாவது பிழை இன்னும் போதனை மிகுந்தது. புதுச் சர்வரைச் சோதிக்கிறவர், தற்காலிகமாக இருக்கட்டும் என்று கோப்பின் தலையில் ‘டிஃபால்ட்’ என்று ஒரு பதிவு போட்டு, அதில் ஆத்-டைப் என்பதை ‘அக்செப்ட்’ ஆக்கிவிடுகிறார். எல்லாப் பெயருக்கும் பொருந்துவது டிஃபால்ட். கடவுச்சொல்லைப் பார்க்காமலே ஏற்கச் சொல்வது அக்செப்ட். சோதனை முடிந்தபின் அவர் அதை எடுக்க மறந்தால், உலகத்தில் எந்தப் பெயரில் எந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் அந்தச் சர்வர் வரவேற்கும். இப்போது பிரபல அபிப்பிராயத்தின் அளவுகோலை அதன்மேல் வைத்துப் பாருங்கள். உள்ளே விடுகிறதா? விடுகிறது. யாராவது புகார் சொன்னார்களா? ஒருவருமில்லை. கடவுச்சொல்லைத் தவறாக அடித்தவர்கள்கூடத் திருப்தியாக இருக்கிறார்கள். எந்த ஏற்பாடு எல்லாவற்றிலும் கேடானதோ, அதுவே அந்தப் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறுகிறது என்றால், அந்தப் பரீட்சையின் யோக்கியதையைப் பற்றி வேறு என்ன சொல்ல இருக்கிறது?

இந்த அபிப்பிராயத்துக்குள் சொல்லாமலே அடங்கியிருக்கும் மூன்றாவது அங்கம், சர்வரும் நுழைவுச் சாதனமும் நம்முடைய சொந்தக் கம்பியில் பேசிக்கொள்கின்றனவே, அங்கே யார் வந்து ஒட்டுக்கேட்கப் போகிறார்கள் என்ற தைரியம். இரண்டுக்கும் இடையே ஒரு பொதுவான ரகசியச் சொல் உண்டு. வாடிக்கையாளனுடைய கடவுச்சொல்லை மறைப்பது அதுதான். ‘ஏற்றுக்கொள்’ என்ற பதில் மெய்யான சர்வரிடமிருந்துதான் வந்தது என்று காட்டுவதும் அதுதான். மறைக்கும் வழி இது: ரகசியச் சொல்லையும் கேள்வியோடு வரும் பதினாறு பைட் எண்ணையும் சேர்த்து எம்.டி.5 என்ற கணிதத்துக்குள் செலுத்தி, வெளிவந்ததைக் கடவுச்சொல்லின்மேல் கலந்துவிடுவது. மற்ற விவரங்களெல்லாம், பயனருடைய பெயர் உட்பட, திறந்த கடிதமாகவே போகின்றன. பாக்கெட்டைப் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கும் ஒரு சாதாரண வாடிக்கையாளன் தன் கடவுச்சொல்லைத் தான் அறிவான். அதை அந்தக் கலவையிலிருந்து நீக்கினால் மிஞ்சுவது எம்.டி.5 தந்த விடை. அதை வைத்துக்கொண்டு, அகராதியிலுள்ள சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, சர்வருக்கே தெரியாமல் தன் வீட்டிலிருந்தபடி ரகசியச் சொல்லைத் தேடலாம். ஆகையினால்தான் அந்தச் சொல் குறைந்தது பதினாறு எழுத்தாவது இருப்பது உசிதம் என்று முன் சொன்ன ஆர்.எஃப்.சி. 2865 கேட்டுக்கொள்கிறது. நடைமுறையிலோ, மென்பொருளோடு மாதிரிக்காக வரும் ‘டெஸ்டிங்123’ என்ற சொல்லையே பிரதி எடுத்து எல்லாச் சாதனங்களுக்கும் சூட்டிவிடுகிறவர்களுக்குக் குறைவில்லை.

இந்த அலட்சியம் எப்படிப் பிறக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். சர்வர் ஒரு பாக்கெட்டின் சொந்தக்காரனை அறிவது அது புறப்பட்ட ஐ.பி. முகவரியைக் கொண்டு, தனக்கு அறிமுகமில்லாத முகவரியிலிருந்து வந்தால் பதிலே சொல்லாமல் அதைத் தள்ளிவிடும். நுழைவுச் சாதனத்துக்கு இரண்டு மூன்று முகவரிகள் இருந்து, எதிர்பாராத ஒன்றிலிருந்து கேள்வி புறப்பட்டால், சர்வர் மௌனம் சாதிக்கும். காரணத்தைத் தேடப் பொறுமையில்லாதவர், எந்த முகவரியிலிருந்து வந்தாலும் ஏற்றுக்கொள் என்று 0.0.0.0/0 என்ற ஒரே வரியில் உலகம் முழுவதையும் அறிமுகப்படுத்தி வைத்துவிடுகிறார். உடனே வேலை செய்கிறது. வேலை செய்கிறபடியால் அது அப்படியே நிலைத்துவிடுகிறது.

எம்.டி.5 இன் பலவீனம் 2004 ஆம் ஆண்டிலேயே வெளிப்பட்டுவிட்டது. வெவ்வேறான இரண்டு செய்திகளுக்கு ஒரே விடை வரும்படி செய்யலாம் என்று சீன ஆராய்ச்சியாளர்கள் பிரத்தியட்சமாகக் காட்டினார்கள். ஆனால் ரேடியஸுக்கு அதனால் என்ன வந்துவிடப் போகிறது என்று இருபது வருஷம் எல்லோரும் சும்மா இருந்தோம். 2024 ஜூலையில் பிளாஸ்ட்-ரேடியஸ் என்ற பெயரில் வெளியான ஆராய்ச்சி, சாதனத்துக்கும் சர்வருக்கும் நடுவே இடம் பிடித்துக்கொண்டவன், ரகசியச் சொல்லை அறியாமலே, சர்வர் அனுப்பிய மறுப்பைச் சம்மதமாக மாற்றிவிட முடியும் என்று நிரூபித்தது. வைஃபை நுழைவில் வழங்கும் ஈ.ஏ.பி. முறை இதிலிருந்து தப்பியது. காரணம், மெசேஜ்-ஆதென்டிகேட்டர் என்ற முத்திரை அதில் கட்டாயம். கவனிக்கவேண்டிய விஷயம் என்னவென்றால், அந்த முத்திரை 2024 இல் கண்டுபிடிக்கப்பட்ட மருந்தன்று. 2000 ஆம் ஆண்டு ஜூன் மாதத்து ஆர்.எஃப்.சி. 2869 என்ற ஆவணத்திலேயே அது இருக்கிறது. அதை வற்புறுத்துவதா வேண்டாமா என்று கேட்கும் வரியும் ஃப்ரீரேடியஸின் அமைப்புக் கோப்பில் நெடுநாளாக ‘வேண்டாம்’ என்ற விடையோடு காத்திருந்தது. கேள்வியிலும் பதிலிலும் முத்திரை இருந்தே தீரவேண்டும் என்று இருதரப்பிலும் வற்புறுத்தியிருந்தால் இந்த வழி அடைபட்டிருக்கும். ஓடுகிறதைத் தொடாதே என்ற உபதேசத்துக்கு நாம் கொடுத்த விலை இது.

அந்த உபதேசத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நடுப்பகலில் ஒரு காற்புள்ளியை விட்டுவிட்டு ஆயிரம் பேரை வெளியே நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள்; அவர்களைப் பார்த்தவர்களுக்குக் கை நடுங்குவது இயல்பே. ஆனால் அந்த நடுக்கத்துக்குப் பரிகாரம் பரீட்சையே அன்றி அசைவின்மை அன்று. புது அமைப்பை ஓட்டாமலே இலக்கணப் பிழை பார்க்க அதே மென்பொருளில் தனிக் குறி உண்டு. கோப்புகளின் பழைய பிரதிகளைத் தேதிவாரியாகச் சேமிக்கும் கருவிகள் உண்டு. இரண்டாவது சர்வரில் முதலில் மாற்றிப் பார்க்கும் வசதியும் உண்டு. அந்த இரண்டாவது சர்வரே, தொடாதே என்ற கொள்கைக்கு எதிரான பெரிய சாட்சி. முதல் சர்வர் மறுத்தால் நுழைவுச் சாதனம் இரண்டாவதைக் கேட்காது. மௌனமாக இருந்தால் மட்டுமே கேட்கும். வருஷக்கணக்கில் தொடப்படாத இரண்டாவது சர்வரின் பட்டியலில், முதல் சர்வரிலிருந்து பெயர் நீக்கப்பட்ட பழைய ஊழியன் இன்னும் உயிரோடிருப்பான். முதல் சர்வர் மூச்சுத் திணறி மௌனமாகும் அன்று அவனுக்கு வழி திறக்கும். மாற்றாமல் வைப்பதால் ஓர் ஏற்பாடு மாறாமல் இருப்பதில்லை. அதைச் சுற்றியுள்ள உலகம் மாறுவதால் அதன் பொருளும் மாறிவிடுகிறது.

கணக்கு வைக்கும் கடமையிலும் இதே கதைதான். இணைப்பு முடிந்தது என்ற செய்தி வழியில் தொலைந்துபோனால், போய்விட்ட ஆள் கணக்கில் இன்னும் உள்ளேயே இருப்பான். அவன் மறுபடி வரும்போது, நீதான் ஏற்கெனவே உள்ளே இருக்கிறாயே என்று சர்வர் அவனைத் திருப்பி அனுப்பும். இதற்குச் சரியான சிகிச்சை, இடைக்காலச் செய்திகளை அனுப்பச் செய்வதும், சந்தேகம் வந்தால் நுழைவுச் சாதனத்தையே கேட்டு உறுதிசெய்வதும். நடைமுறைச் சிகிச்சையோ, ஒருவருக்கு ஓர் இணைப்பு என்ற விதியையே எடுத்துவிடுவது. மறுபடியும் எல்லோரும் உள்ளே போகிறார்கள். மறுபடியும் வேலை செய்கிறது.

இத்தனை குறை உள்ளதைத் தூர எறிந்துவிட்டுப் புதியதை வைத்துக்கொள்ளலாமே என்று கடைசியாக ஒரு வாதம் வரும். டயாமீட்டர் என்ற நெறிமுறை 2003 இலேயே வந்தது. கைப்பேசிக் கம்பெனிகளின் உள்வலையில் அது சிறப்பாக நடக்கிறது. ஆனால் சாதாரண அலுவலகத்துச் சாதனங்களில் அது ரேடியஸின் இடத்தைப் பிடிக்கவில்லை. ரேடியஸையே டி.எல்.எஸ். என்னும் உறைக்குள் வைத்து அனுப்பும் முறை 2012 முதல் ஆவணமாக இருக்கிறது. அதைக் கைக்கொள்வது உத்தமம். ஆனால் உறை மாறினாலும் டிஃபால்ட் பதிவு தானாக அழியாது, சர்வீஸ்-டைப் தானாக எழுதப்படாது, நீக்கப்பட்ட ஊழியன் தானாக நீங்கமாட்டான். அமைக்கிறவனுடைய அலட்சியத்தை எந்தப் புது நெறிமுறையும் தன் கணக்கில் ஏற்றுக்கொள்வதில்லை.

ஆகவே, சர்வரை அமைத்து முடித்ததாகச் சொல்லிக் கையெழுத்துக்குக் காகிதத்தை நீட்டுகிறவரிடம், உள்ளே போய்க் காட்டு என்று கேட்பதை நிறுத்திவிட்டு, நான்கு மறுப்புகளைக் காட்டு என்று கேட்கும் வழக்கத்தை நாம் ஏற்படுத்தவேண்டும். தவறான கடவுச்சொல்லுக்கு ஒரு மறுப்பு. சரியான கடவுச்சொல்லோடு தனக்கு உரிமையில்லாத சேவையைக் கேட்டவனுக்கு ஒரு மறுப்பு. ஏற்கெனவே உள்ளே இருக்கும் பெயரில் இரண்டாவதாக வந்தவனுக்கு ஒரு மறுப்பு. முத்திரையில்லாமலோ அறிமுகமில்லாத முகவரியிலிருந்தோ வந்த பாக்கெட்டுக்கு மௌனம் என்ற மறுப்பு. இந்த நான்கையும் முதல் சர்வரிலும் இரண்டாவது சர்வரிலும் செய்து காட்டி, ஒவ்வொன்றும் லாக் கோப்பில் பதிவாகியிருப்பதையும் எடுத்துக் காட்டுகிறவருக்குத் தாராளமாகக் கையெழுத்துப் போடலாம். காட்ட முடியாதவர், எத்தனை ஆயிரம் பேரை உள்ளே விட்டிருந்தாலும், வேலையை இன்னும் தொடங்கவில்லை என்றே கொள்ளவேண்டும்.